தோற்றவர் ஏறிய ரயில்

1997 மே 2. அதிகாலை மூன்று மணி தாண்டிவிட்டது. வடக்கு லண்டனில் என்ஃபீல்டு சவுத்கேட் தொகுதியின் வாக்கு எண்ணும் மையம். வேட்பாளர்கள் மேடையில் வரிசையாக நிற்க, தேர்தல் அதிகாரி ஒவ்வொரு பெயராக வாசிக்கிறார். மைக்கேல் போர்ட்டில்லோ, கன்சர்வேட்டிவ் கட்சி: 19,137. ஸ்டீபன் ட்விக், லேபர் கட்சி: 20,570. கூடம் அதிர்கிறது.

அந்தப் பழைய காணொளியை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ட்விக்குக்கு அப்போது 30 வயது. ஜெயித்துவிட்டோம் என்பதை நம்ப முடியாமல் அவர் கண்கள் விரிகின்றன. ஆனால் நான் பார்ப்பது பக்கத்தில் நிற்பவரின் முகத்தை. நாட்டின் பாதுகாப்புத் துறை அமைச்சர். கட்சியின் அடுத்த தலைவர் இவர்தான் என்று எதிரிகளும் ஒப்புக்கொண்டிருந்த ஆள். ஐந்து வருடத்துக்கு முன்பு 15,563 வாக்கு வித்தியாசத்தில் அள்ளிக்கொடுத்த தொகுதி, இப்போது 1,433 வாக்கில் கைவிட்டுப் போகிறது. அவர் முகத்தில் ஒரு சதை அசையவில்லை. மைக் முன்னால் வந்து, வென்றவரை மனம் விட்டுப் பாராட்டிவிட்டுப் போகிறார்.

பதினெட்டு ஆண்டு கன்சர்வேட்டிவ் ஆட்சி அன்றிரவுதான் முடிந்தது. டோனி பிளேரின் லேபர் கட்சி அலையாக அடித்துச் சென்ற இரவு அது. எத்தனையோ அமைச்சர்கள் மண்ணைக் கவ்வினார்கள். இருந்தும் பிரிட்டிஷ் மக்களின் நினைவில் நின்றது போர்ட்டில்லோவின் தோல்விதான். ‘போர்ட்டில்லோ தோற்றபோது நீங்கள் விழித்திருந்தீர்களா?’ என்பது அந்த ஆண்டு முழுக்க ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட கேள்வி. அதையே தலைப்பாக வைத்து ஒரு புத்தகமும் வந்தது. தேர்தலில் பெரிய தலை உருண்டால் அதற்கு ‘போர்ட்டில்லோ கணம்’ என்று இன்றும் பெயர். தன் பெயரே தோல்விக்கு மறுபெயராகிப் போன ஒரு மனிதர் அதற்குப் பிறகு என்ன செய்வார்?

இந்த மனிதர் தொலைக்காட்சிக்குப் போனார். போனவர்கள் பலர் உண்டு. போய் வேறு ஆளாக மாறியவர் அநேகமாக இவர் ஒருவர்தான் என்பது என் எண்ணம். இன்று பிரிட்டனில் இருபது வயதில் இருக்கும் ஒருவருக்கு மைக்கேல் போர்ட்டில்லோ என்றால் அமைச்சர் ஞாபகம் வராது. ரோஸ் நிற ஜாக்கெட், மஞ்சள் கால்சட்டை, கையில் ஒரு பழைய புத்தகம், பின்னால் ஒரு ரயில். அதுதான் ஞாபகத்துக்கு வரும்.

அகதியின் மகன்

பெயரைக் கேட்டாலே தெரியும், பூர்விகம் இங்கிலாந்து அல்ல. அப்பா லூயிஸ் கப்ரியேல் போர்ட்டில்லோ, ஸ்பெயினின் சலமன்கா பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர். உள்நாட்டுப் போரில் குடியரசின் பக்கம் நின்றவர். அவருடைய கூடப்பிறந்தவர்களோ பிராங்கோவின் பக்கம். சகோதரர்களுக்கு எதிராகத் துப்பாக்கி தூக்க மாட்டேன் என்று ஆயுதம் ஏந்தாமலே இருந்தார். 1939-ல் பிராங்கோ வென்றதும் நாட்டைவிட்டு ஓடிவந்து இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்தார். அம்மா கோரா பிளைத், ஸ்காட்லாந்துக் குடும்பத்துப் பெண். ஸ்பெயினிலிருந்து வந்த பாஸ்க் அகதிக் குழந்தைகளைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபட்டிருந்தபோதுதான் லூயிஸைச் சந்தித்தார்.

1953-ல் பிறந்த மைக்கேல் வளர்ந்தது இடதுசாரிப் பேச்சு காற்றில் மிதந்த வீட்டில். சிறுவனாக இருந்தபோது லேபர் தலைவர் ஹெரால்டு வில்சனின் படத்தைத் தன் அறைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தவர். எட்டு வயதில் ரிபீனா பழச்சாறு விளம்பரத்தில் நடித்தார் என்பது கூடுதல் தகவல். கேம்பிரிட்ஜுக்குப் போனார், வலதுசாரியாக வெளியே வந்தார். மார்கரெட் தாட்சரின் செல்லப் பிள்ளைகளில் ஒருவரானார். 1984 அக்டோபரில் பிரைட்டன் ஹோட்டல் குண்டுவெடிப்பில் சவுத்கேட் எம்.பி. கொல்லப்பட, டிசம்பரில் நடந்த இடைத்தேர்தலில் ஜெயித்து நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். 1992-ல் அமைச்சரவைக்குள் வந்து, நிதித்துறையில் செலவைக் குறைக்கும் பொறுப்பு, அடுத்து வேலைவாய்ப்பு, அடுத்து பாதுகாப்பு என்று ஏறினார்.

ஏற ஏறத் திமிரும் ஏறியது என்று சொன்னவர்கள் நிறைய. 1995-ல் பிரதமர் ஜான் மேஜர் தலைமைப் பதவியை ராஜினாமா செய்துவிட்டுத் தன் கட்சிக்காரர்களையே மோதிப்பார்க்க அழைத்தபோது, போர்ட்டில்லோ வெளிப்படையாகக் களமிறங்கவில்லை. ஆனால் நாடாளுமன்றத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் அவருடைய ஆட்கள் பிரசாரத்துக்காக டெலிபோன் இணைப்புகளை இழுத்துக்கொண்டிருந்தது வெளியே தெரிந்துவிட்டது. ஆசை இருக்கிறது, துணிச்சல் இல்லை என்று ஊர் சிரித்தது. அதே ஆண்டு கட்சி மாநாட்டில் சிறப்பு அதிரடிப் படையின் முழக்கத்தைத் தன் பேச்சுக்குள் இழுத்துக்கொண்டு மேடையில் கர்ஜித்தார். ராணுவத்தினரே முகம் சுளித்தார்கள். 1997-ல் அவர் விழுந்தபோது அத்தனை பேர் விழித்திருந்து கைதட்டியதற்குக் காரணம் இந்தப் பின்னணிதான்.

ஒரே ஒரு வாக்கு

தோற்ற மறுவருடமே சேனல் 4-ல் அவர் தோன்றினார். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1999-ல் பி.பி.சி.க்காக அவர் செய்த ஒரு பயணம். கிரானடாவிலிருந்து சலமன்காவுக்கு ரயிலில். அப்பா எந்த ஊரில் பாடம் நடத்தினாரோ, எந்த ஊரை விட்டுப் பிரிய நேர்ந்ததோ, அந்த ஊருக்கு மகன் கேமராவோடு போகிறார். குடும்பம் இரண்டாகப் பிளந்து போரின் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்ற கதையைத் தேடிப் போகிறார்.

லூயிஸும் எழுத்தாளர்தான். 1936-ல் சலமன்காவில் பிராங்கோவின் தளபதி மில்யான் அஸ்த்ராயின் முன்னிலையில் தத்துவ அறிஞர் உனமுனோ எழுந்து எதிர்த்துப் பேசியதாக உலகம் அறிந்திருக்கும் அந்தப் புகழ்பெற்ற உரை, லூயிஸ் லண்டனில் 1941-ல் எழுதிய கட்டுரை வழியாகத்தான் பரவியது. அவர் அந்தக் கூட்டத்தில் இருந்தவரல்ல, உரையைத் தன் கற்பனையில் கட்டி எழுப்பினார் என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். நாடிழந்த ஒருவர் தன் ஊரைப் பற்றி எழுதினால் அப்படித்தான் எழுதுவார் என்று எனக்குத் தோன்றுகிறது. மகன் அந்த ஊருக்குள் ரயிலில் போய் இறங்கியபோது பிரிட்டிஷ் மக்கள் முதல் முறையாக வேறொரு போர்ட்டில்லோவைப் பார்த்தார்கள். கர்ஜிக்காத, விரல் நீட்டிப் பேசாத போர்ட்டில்லோ.

ஆனால் அரசியல் அவரை இன்னும் விடவில்லை, அவரும் அரசியலை விடவில்லை. 1999 இறுதியில் கென்சிங்டன் அண்டு செல்சி இடைத்தேர்தலில் வென்று திரும்பி வந்தார். இளம் வயதில் தனக்கு ஓரினச்சேர்க்கை அனுபவங்கள் உண்டு என்று அந்த ஆண்டில் ஒரு பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார். பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது தன்பாலினத்தவர் ராணுவத்தில் சேரக் கூடாது என்ற தடையைக் கட்டிக்காத்தவர் அவர். அந்த முரண் பலரைக் காயப்படுத்தியது. கட்சியின் பழைய ஆட்களோ வேறு காரணத்துக்காக அவரை மன்னிக்கவில்லை.

2001 பொதுத் தேர்தலில் கட்சிக்கு மீண்டும் தோல்வி, தலைமைப் பதவி காலியானது. எம்.பி.க்கள் வாக்களிக்கும் முதல் சுற்றில் போர்ட்டில்லோ 49 வாக்குகளோடு முதலிடம். இரண்டாம் சுற்றில் 50, அப்போதும் முதலிடம். மூன்றாம் சுற்றுதான் கடைசி. அதில் முதல் இருவரின் பெயர் மட்டும் தொண்டர்களின் வாக்கெடுப்புக்குப் போகும். கென்னத் கிளார்க் 59. இயான் டங்கன் ஸ்மித் 54. போர்ட்டில்லோ 53.

ஒரு வாக்கு. சவுத்கேட்டில் 1,433 பேர் செய்ததைவிட இந்த ஒருவர் செய்ததுதான் அவரை முடிவாக அனுப்பியது. அதற்குப் பிறகு அவர் எந்தப் பதவிக்கும் கை நீட்டவில்லை. 2003-ல் புதிய தலைவர் மைக்கேல் ஹோவர்டு முன்வரிசையில் இடம் தருவதாக அழைத்தும் மறுத்துவிட்டார். 2005 தேர்தலில் நிற்கவே இல்லை.

கேட்கும் ஆள்

நம் ஊரில் பாதை பெரும்பாலும் எதிர்த்திசையில் ஓடும். திரையிலிருந்து கோட்டைக்கு. தோற்றவர் டி.வி. பக்கம் வந்தால், மேடையில் பேசியதையே குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து மறுபடி பேசத்தான் வருவார். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும்கூட அதுதான் வழக்கம். தேர்தலில் தோற்ற அரசியல்வாதி தொலைக்காட்சிக்காரர்களுக்குத் தோதான ஆள். பேசத் தெரியும், முகம் தெரியும், கேமராவைக் கண்டு கூச்சமில்லை, கோபத்துக்கும் பஞ்சமில்லை.

போர்ட்டில்லோ தொடக்கத்தில் அந்த வழியைத் தொட்டார். 2003 முதல் வியாழன் இரவுகளில் பி.பி.சி.யின் ‘திஸ் வீக்’ அரட்டை. ஆண்ட்ரூ நீல் நடத்துவார். சோபாவில் போர்ட்டில்லோவும் லேபர் கட்சியின் டயான் அபோட்டும். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முதல் கறுப்பினப் பெண் எம்.பி. அவர். இருவரும் ஹாரோ பகுதியின் ஆண்கள், பெண்கள் பள்ளிகளில் படித்து, பள்ளி நாடகத்தில் சேர்ந்து நடித்தவர்கள். அரசியலில் எட்டாத தூரத்தில் நின்ற இருவர் ஒரே சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சண்டை போடாமல் பேசிக்கொண்டதை மக்கள் நள்ளிரவு நெருங்கும் நேரத்திலும் விரும்பிப் பார்த்தார்கள்.

அதே 2003-ல் வந்த இன்னொரு நிகழ்ச்சியை நான் பெரிதாக மதிக்கிறேன். லிவர்பூலுக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கும் வாலஸி என்ற ஊர். கணவர் துணையில்லாமல் நான்கு பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாய். பள்ளியில் உதவியாளர் வேலை, சூப்பர் மார்க்கெட்டில் கல்லாப்பெட்டி வேலை. அந்த வீட்டில் ஒரு வாரம் அந்தத் தாயின் இடத்தில் போர்ட்டில்லோ. காலையில் பிள்ளைகளை எழுப்ப வேண்டும், சமைக்க வேண்டும், அவருடைய இரண்டு வேலைகளுக்கும் போக வேண்டும், கையில் இருக்கும் சொற்பப் பணத்தில் வாரத்தை ஓட்ட வேண்டும். அரசு கஜானாவிலிருந்து எந்தச் செலவை வெட்டலாம் என்று ஒரு காலத்தில் கணக்குப் போட்டவர், எந்தச் சாமானை வண்டியிலிருந்து எடுத்து மறுபடி அலமாரியில் வைப்பது என்று கடையில் கணக்குப் போட வேண்டிய நிலைமை. ஒரு வாரத்தில் எல்லாம் புரிந்துவிடாது என்பது உண்மைதான். கேமரா இருக்கும்போது வறுமை முழு முகத்தைக் காட்டாது. ஆனாலும் எத்தனை முன்னாள் அமைச்சர்கள் அந்த ஒரு வாரத்துக்குச் சம்மதிப்பார்கள்?

2008-ல் மரண தண்டனை பற்றிய அறிவியல் நிகழ்ச்சி. எம்.பி.யான புதிதில் தூக்குத் தண்டனைக்கு ஆதரவாக இருந்து பிறகு மனம் மாறியவர், ஆக்சிஜன் குறைந்தால் உடலுக்கு என்ன ஆகும் என்பதைத் தன்மேலேயே சோதித்துப் பார்த்தார். அதே ஆண்டு புக்கர் பரிசு நடுவர் குழுவுக்குத் தலைவர். அந்தக் குழு தேர்ந்தெடுத்தது ‘தி ஒயிட் டைகர்’ நாவலை. எழுதியவர் சென்னையில் பிறந்த அரவிந்த் அடிகா.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார். பதில் சொல்லும் நாற்காலியிலிருந்து எழுந்து, கேள்வி கேட்கும் நாற்காலிக்கு நகர்ந்திருக்கிறார்.

பிராட்ஷாவின் புத்தகம்

2010 ஜனவரியில் பி.பி.சி. 2-ல் ‘கிரேட் பிரிட்டிஷ் ரயில்வே ஜர்னீஸ்’ தொடங்கியது. யோசனை எளியது. ஜார்ஜ் பிராட்ஷா என்பவர் 1839-ல் ரயில் கால அட்டவணைகளைப் புத்தகமாகப் போடத் தொடங்கினார். ரயில்கள் பெருகப் பெருக பயண வழிகாட்டிகளும் அவர் பெயரில் வந்தன. விக்டோரியா காலத்தில் பயணப்படுகிறவர்கள் கையில் பிராட்ஷா இருக்கும். அந்த வழிகாட்டியின் 1860-களின் பதிப்பு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, அது சொல்லும் ஊர்களில் இறங்கி, அன்று என்ன இருந்தது, இன்று என்ன மிச்சம் என்று பார்ப்பது. அவ்வளவுதான்.

ஒரு பகுதி அரை மணி நேரம். வாரநாட்களில் தினம் ஒன்று, மாலை ஆறரை மணிக்கு. பள்ளிவிட்டு வந்த பிள்ளையும் வேலைவிட்டு வந்தவரும் தேநீரோடு உட்காரும் வேளை. அந்த நேரத்தில் வீட்டுக்குள் வர ஓர் அரசியல்வாதிக்கு அனுமதி கிடைப்பது லேசான காரியமல்ல. முகத்தைப் பார்த்ததும் சேனலை மாற்றிவிடுவார்கள்.

மாற்றவில்லை. நிகழ்ச்சியை உற்றுக் கவனித்தால் காரணம் பிடிபடும். ரயிலிலிருந்து இறங்குவார். புத்தகத்தைப் பிரிப்பார். அந்த ஊர் நெசவுக்கோ மண்பாண்டத்துக்கோ பாலாடைக்கட்டிக்கோ பேர்போனது என்று நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய வரி ஒன்றை வாசிப்பார். அடுத்த காட்சியில் ஒரு பட்டறையில் நிற்பார். அங்கே வேலை செய்பவரிடம் பெயர் கேட்பார், எத்தனை வருடமாக இந்த வேலை என்று கேட்பார். பிறகு ஜாக்கெட்டின் கையை மடித்துக்கொண்டு தானும் செய்து பார்ப்பார். சொதப்புவார். பட்டறைக்காரர் சிரிப்பார், அவரும் சிரிப்பார். ஆறு நிமிடத்தில் அந்தக் காட்சி முடிந்துவிடும். அதில் அவருடைய கருத்து என்று ஏதாவது சொன்னாரா என்று யோசித்தால், அநேகமாக எதுவும் இருக்காது. தெரிந்தவர் பேசட்டும் என்று விட்டுவிடுகிறார்.

இது பழகாமல் வராது. வாழ்நாளெல்லாம் மற்றவர் பேசி முடிப்பதற்குள் தன் பதிலைத் தயார் செய்துவைத்திருந்த ஒருவருக்கு, எதிரில் நிற்கும் பானை வனைபவர் முழு வாக்கியத்தையும் முடிக்கும் வரை வாயை மூடிக்கொண்டு நிற்பதென்றால் எவ்வளவு பயிற்சி வேண்டும்! அரசியலில் இருந்தபோது இதில் பாதி வந்திருந்தால் அந்த ஒரு வாக்கு கிடைத்திருக்குமோ என்றுகூட நினைத்திருக்கிறேன்.

உடைகள் தனிக் கதை. வெஸ்ட்மின்ஸ்டரில் கருநீல சூட்டைத் தவிர வேறு அறியாதவர், ரயில் மேடையில் இலந்தைச் சிவப்பிலும் எலுமிச்சை மஞ்சளிலும் கிளிப்பச்சையிலும் வந்து நின்றார். பார்க்கிறவர்கள் முதலில் திகைத்தார்கள், பிறகு இன்று என்ன நிறம் என்று எதிர்பார்க்கத் தொடங்கினார்கள். சாம்பல் வானமும் ஈரக் கற்சுவருமாக இருக்கும் வட இங்கிலாந்தின் ரயில் நிலையத்தில் அந்த ஜாக்கெட் தூரத்திலிருந்தே தெரியும். ஒளிந்துகொள்ள எதுவும் இல்லாதவரின் உடை என்றே எனக்குப் படுகிறது.

பழைய பிராட்ஷா வழிகாட்டியை மறுபதிப்புப் போட்டார்கள், நன்றாக விற்றது. ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று தொடர்கள் நீண்டன. 2018-ல் இந்தியாவுக்கும் வந்தார். கையில் 1913-ம் ஆண்டின் இந்திய பிராட்ஷா. அமிர்தசரஸிலிருந்து சிம்லா வரை ஒரு பயணம், மைசூருவிலிருந்து சென்னை வரை இன்னொன்று. ஆண்ட நாட்டின் முன்னாள் அமைச்சர், ஆண்டவர்களுக்காக எழுதப்பட்ட வழிகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே வருகிறார் என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை. அமிர்தசரஸில் ஜாலியன்வாலாபாக் இருக்கிறது.

மற்றவர்கள்

2000-ல் அமெரிக்க அதிபர் தேர்தலில் புளோரிடாவின் 537 வாக்குகளில் எல்லாவற்றையும் இழந்த அல் கோர், 2005-ல் ‘கரன்ட் டி.வி.’ என்று சொந்தமாக ஒரு சேனலையே தொடங்கினார். பார்ப்பவர்களே படம்பிடித்து அனுப்பும் காணொளிகளை ஒளிபரப்புவது என்ற நல்ல யோசனையோடு தொடங்கி, போகப் போக மற்றொரு அரசியல் விவாத சேனலாகி, 2013-ல் அல் ஜசீராவுக்கு விற்கப்பட்டது. அவர் பெயரை நிலைநிறுத்தியது சேனல் அல்ல, 2006-ல் வந்த பருவநிலை மாற்றம் பற்றிய ஆவணப்படம். லேபர் கட்சியின் எட் பால்ஸ் 2015-ல் 422 வாக்கில் தோற்றார். மறுவருடம் நடனப் போட்டியில் ஆடி நாட்டைச் சிரிக்கவைத்தார், இப்போது காலை நிகழ்ச்சி நடத்துகிறார். 2019-ல் கன்சர்வேட்டிவ் தலைமைக்குப் போட்டியிட்டு வெளியேறிய ரோரி ஸ்டூவர்ட், 2022-ல் எதிர்முகாமின் அலெஸ்டர் கேம்ப்பெல்லோடு சேர்ந்து தொடங்கிய பாட்காஸ்ட் பெரும் வெற்றி பெற்றது. அரங்குகளை நிரப்பும் அளவுக்கு அதற்குக் கூட்டம்.

பதவியில் இருக்கும்போதே சேனலில் நிகழ்ச்சி நடத்தும் எம்.பி.க்கள்தான் கவலைக்குரியவர்கள். ஜேக்கப் ரீஸ்-மாக் ஜி.பி. நியூஸில் அப்படி நடத்தியது ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையம் வரைக்கும், நீதிமன்றம் வரைக்கும் போனது. 2024-ல் அவர் தொகுதியை இழந்த பிறகும் திரை அவரிடம் இருக்கிறது. கேள்வி கேட்க வேண்டியவரும் பதில் சொல்ல வேண்டியவரும் ஒரே ஆளாக இருந்தால் பார்வையாளருக்கு அங்கே என்ன வேலை?

1990-ம், 1989-ம்

இவ்வளவு சொன்னபின் கணக்கின் மறுபக்கத்தையும் எழுதியாக வேண்டும். 1990 மே மாதம் போர்ட்டில்லோ உள்ளாட்சித் துறை இணையமைச்சரானபோது நாடே தலைவரியை எதிர்த்துக் கொந்தளித்துக்கொண்டிருந்தது. மாளிகையில் இருப்பவரும் குடிசை மாதிரியான வீட்டில் இருப்பவரும் தலைக்கு ஒரே வரி கட்ட வேண்டும் என்ற சட்டம். அந்த ஆண்டு மார்ச் 31 அன்று டிரஃபால்கர் சதுக்கத்தில் கலவரமே வெடித்தது. அந்த வரியைக் கடைசிவரை முன்னின்று ஆதரித்துப் பேசியவர்களில் போர்ட்டில்லோ ஒருவர். கட்ட முடியாமல் சிறைக்குப் போனவர்களும் உண்டு. அந்தக் குடும்பங்களில் யாராவது மாலை ஆறரை மணிக்கு டி.வி.யைப் போட்டு, ரோஸ் ஜாக்கெட்டில் சிரிக்கும் இந்த முகத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

தொலைக்காட்சிக்கு இந்த ஆபத்தான மென்மை உண்டு. தினமும் வீட்டுக்கு வரும் முகத்தை நாம் சொந்தக்காரராக்கிக்கொள்கிறோம். சொந்தக்காரரிடம் பழைய கணக்கு கேட்க மாட்டோம். போர்ட்டில்லோ தன் அரசியல் கருத்துகளைப் பெரிதாக மாற்றிக்கொண்டவரும் அல்ல. 2022-ல் ஜி.பி. நியூஸில் ஞாயிறு நிகழ்ச்சி நடத்தத் தொடங்கினார். அந்த மனிதரும் இந்த மனிதரும் ஒருவர்தான். ரயில் பயணங்களை ரசிப்பவர்கள் தலைவரியையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

அந்த ஞாபகத்தோடு சேர்த்து, அதற்கு ஒரு வருடம் முன்னால் நடந்த இன்னொன்றையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

வட இங்கிலாந்தின் மலைமுதுகில் செட்டிலிலிருந்து கார்லைல் வரை ஒரு ரயில் பாதை. சுமார் 72 மைல். 1870-களில் ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளிகள் மண்வெட்டியும் வெடிமருந்துமாகக் கட்டியது. சதுப்பிலும் பனியிலும் கூடாரம் போட்டுக் குடும்பத்தோடு கிடந்தார்கள். பெரியம்மையிலும் விபத்திலும் செத்தவர்கள் மட்டும் நூற்றுக்கு மேல். அந்தப் பாதையின் மகுடம் ரிபிள்ஹெட் பாலம். 24 வளைவுகள், 400 மீட்டர் நீளம்.

1980-களில் அந்தப் பாதையை மூடுவது என்று பிரிட்டிஷ் ரயில்வே முடிவு செய்தது. பாலம் பழுதாகிவிட்டது, சரிசெய்யக் கட்டுப்படியாகாது, பயணிகளும் இல்லை என்பது வாதம். பயணிகள் எப்படி இருப்பார்கள்? வண்டிகளையே ஒவ்வொன்றாகக் குறைத்து, நாளுக்கு இரண்டு என்று ஆக்கிவைத்திருந்தார்கள். ஊர்மக்கள் விடவில்லை. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுத்தில் ஆட்சேபணை கொடுத்தார்கள். அதில் ஓர் ஆட்சேபணை மட்டும் கையெழுத்து அல்ல, பாதத்தடம். ரஸ்வார்ப் என்ற நாயுடையது. டிக்கெட் எடுத்துப் பயணம் செய்த நாய் என்பதால் அதுவும் பயணிதான் என்று அதன் எஜமானர் வாதாடினார், ஏற்றுக்கொள்ளப்பட்டது. பாதையை மூடப்போகிறார்கள் என்ற செய்தி பரவப் பரவ, மூடுவதற்குள் ஒருமுறை போய்விட வேண்டும் என்று கூட்டம் வந்தது. 1983-ல் ஆண்டுக்கு 93,000 ஆக இருந்த பயணங்கள் 1989-ல் 4,50,000 ஆயின.

அப்போது போக்குவரத்துத் துறையின் இணையமைச்சர் மைக்கேல் போர்ட்டில்லோ. வயது 35. எதையும் தனியாருக்கு விற்க வேண்டும், நஷ்டத்தில் ஓடுவதை மூட வேண்டும் என்ற தாட்சர் ஆட்சியின் வார்ப்பு. கோப்பு அவர் மேஜைக்கு வந்தது. அந்த எண்களைப் பார்த்தார். பாலத்தைச் சரிசெய்ய ரயில்வே சொன்ன தொகையைவிடக் குறைவாகவே ஆகும் என்ற பொறியாளர்களின் கணக்கையும் பார்த்தார். 1989 ஏப்ரல் 11 அன்று, மூட அனுமதியில்லை என்று அரசு அறிவித்தது. தன் அரசியல் வாழ்வின் மிகப்பெரிய சாதனை இதுதான் என்று பிற்காலத்தில் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். முப்படைகளையும் மேற்பார்த்த அமைச்சர் பதவியைச் சொல்லவில்லை.

ரஸ்வார்ப்பின் எஜமானர் 1990 ஜனவரியில் வேல்ஸ் மலைகளில் நடைபோனபோது இறந்துபோனார். நாய் அவர் உடலுக்குப் பக்கத்திலேயே பதினொரு வாரம் இருந்தது. அதன் வெண்கலச் சிலை இன்று அந்தப் பாதையிலேயே கார்ஸ்டேல் ரயில் நிலையத்தில் நிற்கிறது.

பழைய பாலத்துக்குப் பாரம் கூடாது என்பதால் ரிபிள்ஹெட்டில் இப்போது ஒற்றைத் தண்டவாளம்தான். வேகமும் மணிக்கு 30 மைலுக்குமேல் கூடாது. வண்டி பாலத்தை நெருங்கும்போது மெல்ல ஊர ஆரம்பிக்கும். கீழே கூலிகளின் கூடாரங்கள் இருந்த இடத்தில் செம்மறிகள் மேய்ந்துகொண்டிருக்கும். பெட்டிக்குள் இரண்டு பக்கத்து ஜன்னல்களிலும் ஆட்கள் முட்டிக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள்.